குறி போட்ட குவியல்

நான் மளிகைக் கடைக்காரர் மகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் நான் செய்ததெல்லாம் வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் அப்பாவின் கடை இருந்தது. மிளகோடு பப்பாளி விதையை எவ்வளவு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, மிளகாய்த் தூளுக்குச் செங்கல்லை எவ்வளவு மையாக இடிக்க வேண்டும், நல்லெண்ணெயில் எத்தனை பங்கு மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், போனால் வாசனை காட்டிக்கொடுக்காது என்பதெல்லாம் பத்து வயதிலேயே எனக்கு அத்துப்படி. அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோயில், விரதம், கொடுத்த வாக்கு எல்லாவற்றிலும் கறாரானவர்தான். கேட்டால், "எல்லாக் கடையிலயும் நடக்குறதுதாம்மா. நான் ஒர்த்தன் மட்டும் யோக்கியமா வித்தா ஈ ஓட்டிக்கினு குந்தியிருக்க வேண்டியதுதான்" என்பார். ஆனால் வீட்டுக்கு மட்டும் தனி டப்பா. கடையின் பின்னறையில், மேல்தட்டில், மூடியில் சுண்ணாம்பால் பொட்டு வைத்த டப்பாக்கள் வரிசையாக இருக்கும். பொட்டு வைத்தது எங்களுக்கு. வைக்காதது ஊருக்கு.

இப்படி வளர்ந்தவளுக்கு யார்மேல் நம்பிக்கை வரும்? பால்காரன் செம்பைச் சாய்க்கும்போது நான் பாலைப் பார்க்க மாட்டேன், அவன் கட்டைவிரல் அளவுப்படிக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பேன். கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். அதற்காக அம்மாவிடம் மண்டையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் என்னைத் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஏரிப் பாசனத்தில் இரண்டு கழனி, கிணற்றடியில் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, ஒரு ஜோடி மாடு. மாமனார் மாமியார் இல்லை. வீட்டில் அவரும் நானும்தான்.

தலைச்சன் பிள்ளை ஆண். அவனுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு காலையில் மேல்தட்டு டப்பாவில் பாசிப்பயறு தீர்ந்துபோயிருந்தது. பிள்ளை பசியில் கத்துகிறான். அவசரத்துக்குக் கடை மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, வறுத்து அரைத்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அன்று மாலையே வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. கஞ்சியால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மாதம் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் அதே கதிதான், குடிதண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னார். நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்தது பெண். அவளைத்தான் சொல்ல வந்தேன். இரண்டு வயது முடிந்தும் அவளுக்கு விலா எலும்பை எண்ணலாம். சோற்றைக் குழையப் பிசைந்து வாயில் வைத்தால் நாக்கால் தள்ளிவிடுவாள். பருப்பு, மோர், கீரை மசியல், எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். திண்டிவனத்தில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணையும் நாக்கையும் வயிற்றையும் பார்த்தார். "சீக்கு ஒண்ணும் இல்லம்மா. சாப்பாடு உள்ள போகணும். இப்படியே போனா ஒரு சாதாரணக் காய்ச்சலக்கூடத் தாங்க மாட்டா" என்றார். நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். இன்னொன்றையும் பறிகொடுக்க என்னிடம் தெம்பில்லை.

வீட்டில் சட்டம் போட்டேன். கடைச் சாமான் வாசல்படி தாண்டக் கூடாது. எண்ணெய்க்கு எங்கள் மல்லாட்டையை நானே உடைத்து, சொத்தையைப் பொறுக்கி, செக்குக்குத் தூக்கிக்கொண்டு போவேன். ஆட்டி முடிக்கிறவரை செக்கை விட்டு ஓரடி நகர மாட்டேன். மாடு அந்தப் பக்கம் சுற்றினால் நானும் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பேன். செக்குக்காரர் ஒருநாள் சொல்லியேவிட்டார்: "ஏம்மா, சுத்தறதுக்குத்தான் நான் மாடு வெச்சிருக்கிறேனே. நீ வேற எதுக்கு?" மிளகாய் எங்கள் கொல்லையில் காய்த்தது. மரக்காணத்து உப்பு வண்டி வந்தால் வாங்கி, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி காயவைத்துத்தான் பானையில் போடுவேன்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். ஆனால் திண்டிவனம் சந்தைக்குப் போய்விட்டு வந்தால் மீசையில் ஓட்டல் தோசை வாசனை அடிக்கும்.

"இன்னா துன்னீங்க?"

"ஒண்ணும் துன்னலியே."

"மீச சொல்லுது."

"மீசையக்கூட உடமாட்டியா நீ? சோத்துக்கும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் தெறந்துடு, நீயே ஏட்டா குந்திக்கோ" என்று சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். இந்த ஒன்றில் பொய் சொல்கிறவர் வேறெதில் எல்லாம் சொல்கிறாரோ என்று மனசு ஓடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில்தான் எங்கள் பக்கம் அமோனியா உரம் வந்தது. கிராம சேவக் சைக்கிளில் வந்து, மரத்தடியில் நாலு பேரைக் கூட்டி, கையில் ஒரு பிடி வைத்துக் காட்டினார். பயிருக்கு வீசினால் பத்தே நாளில் கரும்பச்சை கட்டும், களத்தில் இரண்டு மடங்கு காணலாம் என்றார். என் வீட்டுக்காரர் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வந்து மாட்டுக் கொட்டகையில் இறக்கினார். நான் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று சர்க்கரை மாதிரி இருந்தது. விரலில் தேய்த்தேன், நுனிநாக்கில் வைத்தேன், காறித் துப்பினேன். இதைத் தின்ற பயிரை என் பெண் தின்ன வேண்டுமா? அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தேன்.

"ஒரு கழனியாவது நமக்குன்னு உடுங்க. அதுல இந்த வெள்ளப் பொடி வேணாம், பூச்சி மருந்தும் வேணாம். எருவும் தழையும் போதும். புள்ளைக்கு அதுல வெளையறதத்தான் ஆக்கிப் போடுவேன்."

"சரி, மேட்டுக் கழனிய வெச்சிக்கோ" என்றார் உடனே.

அவர் ஒரே பேச்சில் சம்மதித்ததுதான் எனக்கு உறுத்தியது. நாலு நாள் சண்டை போட்டு வாங்க வேண்டியதை ஒருத்தர் சும்மா தூக்கிக் கொடுக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. எங்கள் இரண்டு கழனியும் ஒன்றையொன்று ஒட்டியவை. மேட்டுக் கழனி சரளை மண். அதற்குக் கீழே இருந்த பள்ளக் கழனி நல்ல வண்டல். நல்லதை விற்பனைக்கு வைத்துக்கொண்டு சொத்தையை வீட்டுக்குத் தள்ளுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

"மேடு எனக்கு வேணாம். பள்ளத்தக் குடுங்க."

"ஏமே, பள்ளத்துலன்னா இன்னா ஆவும்னா, தண்ணி வந்து..."

"தண்ணி நிக்கும், நெல்லு நல்லா வெளையும், அத்த வித்துக் காசாக்கணும். அதான? இந்த மாதிரிப் பேச்செல்லாம் எங்கப்பா கடையில கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிப்போச்சி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "செம பேஜாரு. உன் இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கழனியில் வேலை செய்தவள் என் வயதுக்காரி. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் சேரியில் வீடு. மூன்று பிள்ளைகள். புருஷன் நெய்வேலிச் சுரங்கத்துக்கு மண் வெட்டப் போயிருந்தான், மாதத்துக்கு ஒருமுறை வந்து தலைகாட்டுவான். நடவு, களை, அறுப்பு மட்டுமில்லாமல், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திறப்பது, அடைப்பது என்று ஆம்பிளை வேலையும் அவள்தான் பார்த்தாள். அவள் வாயும் சும்மா இருக்காது. பள்ளக் கழனி வரப்பில் நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தால், "இன்னாம்மா, நாத்த எண்ணிக்கினு இருக்கீங்களா? நடும்போது நான் எண்ணலீங்களே" என்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தச் சம்பா போகத்துக்குப் பள்ளக் கழனியில் ஆட்டுக் கிடை போட்டோம். வண்டி வண்டியாகக் கொழிஞ்சித் தழை கொண்டுவந்து சேற்றில் மிதித்தோம். மேட்டுக் கழனிக்கு அமோனியா. அவர் மூட்டையை எடுக்கிற அன்றெல்லாம் நான் வரப்பில் நின்று, பள்ளத்துப் பக்கம் ஒரு பிடிகூட விழாமல் காவல் காத்தேன். தை மாதம் அறுத்துக் களத்தில் இரண்டு குவியலாகக் கொட்டினோம்.

எங்கள் பக்கம் தூற்றிய நெல்லை அளக்காமல் களத்தில் விட்டுப்போகும்போது குவியலைச் சுற்றிச் சாணிப்பால் தெளித்துக் குறி போடுவார்கள். யாராவது கை வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் பள்ளக் கழனிக் குவியலுக்கு மட்டும் குறி போட்டேன். ஒரு சுற்று போதாது என்று மூன்று சுற்று போட்டேன். கூலி அளக்க மரக்காலோடு வந்தபோது அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கும்மா ரெண்டு குவியலு?"

"இது வூட்டுக்கு. பாப்பா துன்றதுக்கு. அமோனியா போடாதது."

"அப்ப கூலி?"

"அந்தக் குவியல்ல."

"போட்டதுங்களா?"

"நல்லா வெளஞ்ச நெல்லு. இன்னா கொறைச்சல்?"

"கொறைச்சல்னு ஆரும்மா சொன்னது? கேட்டேன்" என்று முந்தானையை விரித்தாள். அவள் கேட்ட விதத்தில் ஒரு குத்தல் இருந்தது. அன்று முதல் அவள்மேல் ஒரு கண் வைத்தேன். குறி கலைந்திருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்தேன். கலையவில்லை. கலையாததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

புது நெல்லைக் குத்தி, என் பெண்ணுக்குச் சோறு போட ஆரம்பித்தேன். தையில் போட ஆரம்பித்தது, பங்குனிக்குள் அவள் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. கால் உறுதிப்பட்டுத் தெருவில் ஓடினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. திண்டிவனத்தில் டாக்டரிடமும், மயிலத்தில் உத்திரத்துக்குப் போனபோது பார்த்த சொந்தக்காரர்களிடமும் பள்ளக் கழனி மகிமையைப் பாடினேன். "அமோனியா இல்ல, மருந்து இல்ல, கடைச் சாமான் இல்ல. பாத்துக்குங்க என் புள்ளைய" என்று அவளைத் தூக்கிக் காட்டினேன். விழுப்புரத்துக்கு ஒரு கார்டு போட்டேன். உங்கள் பேத்தி தேறிவிட்டாள், கடைச் சாமான் எதுவும் அவளுக்குக் கொடுப்பதில்லை என்று எழுதினேன். யாருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை.

ஆனால் ஒன்று இடித்தது. பிள்ளை தேறியதே தவிர, தட்டில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது. காலையில் இரண்டு வாய், ராத்திரியில் இரண்டு வாய். பகலில் அவர்தான் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கழனிக்குக் கூட்டிப்போவார், வெயில் பட்டால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதியத்துக்குத் தூக்கில் சோறு கொடுத்தனுப்புவேன். காலித் தூக்கு திரும்பி வரும். அவர் வயிறும் அன்றைக்கெல்லாம் கொஞ்சம் முன்னால் தள்ளித்தான் இருந்தது.

"புள்ள துன்னாளா?"

"உம்."

"எத்தினி வாய்?"

"வாய எண்ணிக்கினா இருப்பாங்க? துன்னா, போ."

அடுத்த போகம் நவரை. அதில்தான் என் தூக்கம் போனது. மேட்டுக் கழனியில் பயிர் கரும்பச்சை கட்டி நிற்கிறது, சரி. தழையும் சாணியும் மட்டும் போட்ட பள்ளக் கழனியும் ஏன் அதே பச்சையில் நிற்கிறது? கடைக்காரர் மகளுக்கு நிறம் தெரியாதா? எனக்குத் தெரியாமல் யாரோ அமோனியா வீசுகிறார்கள். அவரா, அவளா? அவளாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். களத்தில் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. கூலிக்கு அந்த நெல், பாப்பாவுக்கு இந்த நெல் என்றதற்கு வஞ்சம் தீர்க்கிறாள் என்று ஜோடித்துக்கொண்டேன். ஒரு மதியம் அவர் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட ஊருக்குள் வந்த நேரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் கழனிக்குப் போனேன். பிள்ளையும் அவரோடுதான் இருப்பாள் என்று நினைத்தேன்.

வரப்பில் ஏறியதும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மேட்டுக் கழனி வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு மடை வெட்டியிருந்தது. அங்கே தேங்கிய தண்ணீர் அதன் வழியாகச் சலசலவென்று என் பள்ளக் கழனியில் இறங்கிக்கொண்டிருந்தது. முந்தா நாள்தான் மேட்டில் அமோனியா வீசியிருந்தார். புங்க மரத்து நிழலில் அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"இந்தத் தண்ணிய ஆரு இதுல உட்டது?"

அவள் திரும்பாமலே சொன்னாள்: "நாந்தாம்மா. வேற எங்க உட்றது? ஏரித் தண்ணி மேட்டுல பாஞ்சிதான பள்ளத்துக்கு வரும்? தண்ணிக்கு மேல ஏறத் தெரியாதுங்களே."

"போன போகத்துலயுமா?"

"எல்லாப் போகத்துலயுந்தான். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரிந்தது எனக்குத் தெரியாது. மேடு வேண்டாம், பள்ளம்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவள் நான். மூன்று சுற்றுக் குறி போட்டு நான் காத்த குவியலும், ஊருக்கு என்று ஒதுக்கிய குவியலும் ஒரே தண்ணீரைக் குடித்தவை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல், கிடைத்தவளைத் திட்டலாம் என்று மரத்தடிக்கு நடந்தேன்.

கிட்டே போன பிறகுதான் அவள் மடியில் என் பெண் இருப்பது தெரிந்தது. மூக்குவரை கேப்பைக் கூழ் அப்பியிருந்தது. ஒரு கையில் கடித்த வெங்காயம். இன்னொரு கையை மண்சட்டிக்குள் விட்டு அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். என் கையில் ஒரு வாய்ச் சோற்றுக்கு அரை மணி நேரம் அழுகிறவள், விரலிடுக்கில் வழிந்ததைக்கூட விடாமல் நக்கினாள். என்னைப் பார்த்ததும் பிள்ளை அவள் மடிக்குள் இன்னும் ஒண்டிக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வெறி பிடித்தது.

"இன்னா குடுத்த என் புள்ளைக்கு? எதக் கலந்து குடுத்த?"

"கேப்பக் கூழும்மா. பாப்பாதான் வந்து சட்டில கைய உட்டுச்சி. அழுதுக்கினே பின்னாடி சுத்தனா வேல ஓடுதுங்களா? ரெண்டு மாசமா துன்னுது."

ரெண்டு மாசம். தை போய் மாசி, பங்குனி. கன்னத்துச் சதை எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்ததனால்தான் வாய் இன்னும் மோசமாகப் போனது. யாரைக் கேட்டுக் கொடுத்தாய், உன் வீட்டுச் சட்டியில் என் பிள்ளை தின்பதா என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் பேசியதை இங்கே எழுத மாட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லார் வாயிலும் இருந்த பேச்சுதானே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மாட்டேன். பேசியவள் நான். பேசியதோடு விடாமல் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, சட்டியைக் காலால் எத்தினேன். அது மரத்து வேரில் மோதி உடைந்தது.

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"நான் எதையும் கலக்கலம்மா. கலக்கறதுக்கு எங்கிட்ட இன்னா இருக்குது? வூட்டுக்குப் பின்னாடி மேட்டுல ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் போட்டு நானே வெளைய வெச்ச கேப்ப. வானத்துத் தண்ணிதான் அதுக்கு. நீங்க கூலியா குடுத்த நெல்ல நான் வூட்ல ஆக்கலீங்க, சந்தையில போட்டுட்டேன். உங்க புள்ளைக்கு ஆவாதது என் புள்ளைங்களுக்கு மட்டும் ஆவுங்களா?"

உடைந்த ஓடுகளைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டாள். மடையை அடைத்தாள். மண்வெட்டியை எங்கள் கிணற்றடியில் சாத்திவிட்டு ஏரிக்கரைமேல் ஏறிப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சாயங்காலம் அவரிடம் பாய்ந்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்குத் தெரியும். புள்ள துன்னுதேன்னு வாய மூடிக்கினு இருந்தேன். உங்கிட்ட சொன்னா அன்னிக்கே நிறுத்திடுவ."

"தூக்குல குடுத்த சோறு?"

"நான் துன்னேன்."

"தண்ணி விசயம்?"

"அன்னிக்கே சொல்ல வாய எடுத்தேன். உட்டியா நீ?"

அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளை தின்பதை நிறுத்திவிட்டாள். கூழ்தானே, நான் காய்ச்சினால் ஆகாதா என்று பார்த்தேன். எங்கள் நிலத்தில் கேப்பை இல்லை. திண்டிவனத்தில் கடையில் வாங்கினேன். சட்டம் போட்ட பிறகு முதல் தடவையாகக் கடைப்படி மிதித்தேன். ஏழு தண்ணீர் கழுவி, கல் பொறுக்கி, காயவைத்து, திரிகையில் அரைத்துக் காய்ச்சினேன். புளிக்கவைக்கப் பயம், புளித்தது வயிற்றைப் பிடுங்கும் என்று சுடச்சுடக் கொடுத்தேன். முகர்ந்தாள். என்னை மாதிரியே முகர்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மடியில் உட்காரவைத்தேன், வெங்காயம் கொடுத்தேன், கெஞ்சினேன், அடித்தேன். இருபது நாளில் விலா எலும்பு மறுபடி வெளியே வந்தது.

டாக்டர் அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "நடுவுல நல்லாத் தேறியிருந்தாளேம்மா. போன தடவ நீதான இவளக் காட்டிப் பெருமையாச் சொல்லிட்டுப் போன? அப்ப என்ன குடுத்தியோ அதையே குடு. யோசிக்கிறதுக்கெல்லாம் நேரம் இல்ல."

பஸ்ஸில் வரும்போது என் மடியில் கிடந்தவளுக்குக் கனமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "கொழந்தைக்கு இன்னாம்மா ஒடம்புக்கு?" என்று கேட்டாள். அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை, வெயில் ஏறிய பிறகு, குதிரிலிருந்து ஒரு மரக்கால் நெல் எடுத்துத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டேன். இடுப்பில் பிள்ளை. அவரிடம் சொல்லவில்லை. ஏரிக்கரைமேல் நடந்து அந்தப் பக்கம் இறங்கினேன். அந்தத் தெருவில் எங்கள் வீட்டார் யாரும் அதுவரை ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நான் போவதைப் பார்த்துக் கதவோரங்களில் பெண்கள் வந்து நின்றார்கள். சிலர் பின்னாலேயே வந்தார்கள்.

அவள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. என் பெண் அவளைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, தள்ளாடி நடந்து, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை தானாகப் போய்ப் பிள்ளையின் முதுகைத் தடவியது. விலா எலும்பு விரலில் பட்டிருக்கும். கை அங்கேயே நின்றது.

நான் மூட்டையை இறக்கி அவிழ்த்தேன். "நெல்லு கொணாந்திருக்கிறேன். கேப்ப இருந்தா மாத்திக் குடு" என்றேன்.

அவள் ஒரு நெல்லை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தாள். உமியைத் துப்பினாள்.

"எந்தக் குவியலும்மா இது? குறி போட்டதா, போடாததா?"

விழுப்புரத்துப் பின்னறையின் மேல்தட்டு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பாவை அத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துத் தீய்த்தேனே, களத்தில் நான் செய்ததும் அதே வேலைதானே?

"போட்டது" என்றேன்.

"ரெண்டும் ஒரே தண்ணிதானுங்களே. எடுத்துக்கினு போங்கம்மா. எங்க வூட்ல இது வேணாம்." சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிள்ளை அவள் பின்னாலேயே வாசற்படிவரை போய் நின்றது. நான் அவிழ்த்த மூட்டையை மறுபடி கட்டத் தெரியாமல் நின்றேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது கையில் புதுச் சட்டி ஒன்றும் ஒரு அலுமினியக் குவளையும் இருந்தன.

"புள்ளைக்கு ஊத்தறேன். அதுக்கு நெல்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். தெனமும் தூக்கிக்கினு வாங்க. ஆனா மொதல்ல நீங்க குடிங்க."

"நானா?"

"நீங்கதான். இவங்க அத்தினி பேரும் பாக்கக் குடிங்க. நாளைக்கிப் பாப்பாவுக்கு ஒரு வயித்து வலின்னா, எதக் கலந்தன்னு நீங்க வந்து கேக்கக் கூடாது."

குவளை நிறைய ஊற்றி நீட்டினாள். வாங்கினேன். புளித்த வாசனை மூக்கில் ஏறியது. பழக்கத்தில் முகரப் போனவள், முகராமல் வாயில் வைத்தேன். நான் பால்காரனின் கட்டைவிரலைப் பார்க்கிற மாதிரி அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா என்று பார்த்தாள். குவளையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அதற்கப்புறம்தான் என் மகளுக்கு ஊற்றினாள்.